நிலாக்காரர் காட்டிய கொடி

திருவள்ளூர் தாலுகாவில் நிலாக்காரரைப் போலக் கழுத்துவலி கண்டவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். எப்போது பார்த்தாலும் அண்ணாந்தபடியே இருப்பார். எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நட்டு கேட்டால் போல்ட்டு கொடுப்பார். வளர்பிறையா தேய்பிறையா என்று கேட்டால் மட்டும் தப்பவே மாட்டார்.

அமெரிக்காக்காரர்கள் நிலாவில் இறங்கிக் கொடி நட்டார்கள் என்று பேப்பரில் வந்ததும் டீக்கடையில் சபதம் போட்டார்.

"அந்தக் கொடிய இங்கருந்தே காட்டறேன் பாரு!"

பழைய இரும்புக் குழாயில் டெலஸ்கோப் தயாரானது. லென்ஸ்? மதியத் தூக்கத்தில் இருந்த மாமனாரின் மூக்குக் கண்ணாடியிலிருந்து கழற்றியது. மறுநாள் பல்பொடியைச் சர்க்கரை என்று காப்பியில் கலக்கிக் குடித்த மாமனார், நிலாக்காரர் மனைவியான தன் மகளைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரான பெரியபாளையத்துக்குப் போய்விட்டார்.

"கொடி தெரியிற அன்னிக்கு சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவும் பஸ் ஏறினார்.

மனைவி இல்லாத வீட்டில் நிலாக்காரர் பாதியாக இளைத்தார். பார்க்கப் பொறுக்காமல் நான்தான் கொடி தெரிகிறது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். ஒரு சாயங்காலம், அரை நிலா. கம்பெனி மொட்டை மாடியில் ஊரே கூடியது. அப்பாவோடு அந்த அம்மாவும் வந்திருந்தார்.

முதலில் பார்த்தவர் முடிதிருத்தும் கடைக்காரர். "ஆகா! படபடன்னு பறக்குதுபா!"

அடுத்து டீக்கடைக்காரர். "கம்பம் லேசா சாஞ்சிகினுகீது."

மேனேஜர் ஒரு படி மேலே போய், அமெரிக்காக்காரர்கள் நிலாவில் விட்டுவிட்டு வந்த பூட்ஸையே பார்த்துவிட்டார். நிலாக்காரருக்கு மாலை வாங்க ஆள் ஓடியது.

கடைசியாக அந்த அம்மா கண்ணை வைத்தார். "எங்க கீது? காட்டுங்க."

'அதோ' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் நிலாக்காரர் விலாவில் இடித்தேன்.

"இல்லம்மா" என்றார் அவர். "குழி தெரியுது, மலை தெரியுது. கொடி தெரியல. நானும் தெனம் பாத்துகினுதான் கீறேன். பம்பாயில ஊர்ற எறும்ப இங்கருந்து பாக்கறாப்ல அது. எந்தக் கண்ணாடி போட்டாலும் ஆவாது."

"அப்போ நான் பாத்தது இன்னா?" என்று முடிதிருத்துபவர் சண்டைக்கு வந்தார்.

"உன் இமை மயிருபா."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

"அத்தினி பேரும் தெரியுதுன்றாங்க. நான் வரணும்னு தவிக்கிற நீங்க ஒருத்தர்தான் தெரியலன்றீங்க!" என்றவர், அப்பா பக்கம் திரும்பினார். "நைனா, நீ கெளம்பு. நான் எங்க ஊட்டுக்குப் போறேன்."

அத்தனை பேர் முன்னாலும் மனைவியின் கையைப் பிடித்து, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப் போனார் அந்த மனிதர். அவர் கூட வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம்.