பம்பர் விஷயமாக மாப்பிள்ளைக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் வெளியூர் வேலைக்குப் போகும்போது எங்களை நம்பி விட்டுப்போன காரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இன்சூரன்ஸ் இருக்கும்போது ஏன் மாமா பென்ஷனைக் கொட்டி ரிப்பேர் பார்க்கிறீர்கள் என்று போனில் கேட்டீர்கள். வாயால் சொன்னால் குழப்பிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். ஷெட்டிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் லேசாக இடித்துவிட்டேன். பம்பர் ஒடுங்கியது, பின்விளக்கு ஒன்று உடைந்தது. உங்கள் அத்தை அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நேரே ஏஜெண்டிடம் ஓடினேன். அவர் பாலிசியைப் புரட்டிவிட்டு, "சார், அஞ்சு வருஷமா ஒரு க்ளெய்ம்கூட இல்ல, பிரீமியத்துல பாதி தள்ளுபடி வருது. இந்த பம்பருக்குப் போய் க்ளெய்ம் போட்டா அது மொத்தமா போயிடும். மறுபடி முதல்லேர்ந்து வருஷா வருஷம் ஏத்தணும்" என்றார். நீங்கள் கட்டிக் காத்ததை நான் ஒரு தூணில் தொலைப்பதா?

அதனால் டிங்கரிடம் போனேன். தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடித்தார். பம்பர் மட்டும் கொஞ்சம் கூடுதல் சிவப்பாகிவிட்டது. ஒத்துப்போகட்டும் என்று டிக்கிக்கும் அடித்தார், உடனே பின்கதவுகள் வெளுத்துத் தெரிந்தன, அவற்றுக்கும் அடித்தார், அங்கே என் பணம் தீர்ந்துவிட்டதால் முன்பாதி அப்படியே நிற்கிறது. விளக்கில் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார் போல, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது. தெருவில் எல்லோரும் நான் திரும்பப்போகிறேன் என்று மரியாதையாக ஒதுங்கி நிற்கிறார்கள். செலவு அந்தத் தள்ளுபடியைப் போல மூன்று மடங்கு ஆகிவிட்டது. சரி, இப்போதாவது க்ளெய்ம் போடலாம் என்று போனால், ரிப்பேருக்கு முன்னாடியே எங்கள் ஆள் வந்து பார்த்திருக்க வேண்டும் என்று ஏஜெண்ட் கையை விரித்துவிட்டார். ஆக, தள்ளுபடி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மகளிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இருவரும் எல்லா நலமும் பெற்று, எதிலும் இடிக்காமல் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுவது. தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். மாடியில் துணி காயப்போட்டது அவர். காரை எடுத்தது நான், லைசென்ஸ் இல்லாமல். தள்ளுபடிக் கணக்கெல்லாம் நிஜம்தான், ஆனால் அவர் க்ளெய்ம் போடாதது அதற்காக இல்லை. க்ளெய்ம் படிவத்தில் 'ஓட்டியவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பது வருஷம் ஆபீஸில் படிவம் சரிபார்த்த மனுஷர், பொய் எழுதக் கை வரவில்லை, என் பெயரை எழுத மனசு வரவில்லை. மடித்து பீரோவில் வைத்துவிட்டார். உங்களுக்கு எழுதுவது படிவம் இல்லையே, அதனால் பொய் சரளமாக வந்திருக்கிறது, இரண்டாவது தடவை க்ளெய்ம் போடப் போனேன் என்பது உட்பட. என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "தூணுதான் கொஞ்சம் முன்னாடி வந்துடுச்சு, விடு" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நேற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. இனி இடித்தால் தாராளமாக க்ளெய்ம் பண்ணலாம்.