நோயின் பெயர்: தாழ்ப்பாள் இல்லை

மதிப்புக்குரிய இளைஞர் மையத்து மேலாளர் தம்பிக்கு,

உங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டி எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் சௌக்கியம். நீங்களும் வீட்டாரும் எதுவும் நீங்கலாக இல்லாமல் முழுசாகச் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனாலும் பேத்தி எழுதுவதையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். வெள்ளிக்கிழமைக்குள் அவள் விளக்கம் தர வேண்டுமாம், இல்லாவிட்டால் வேலை போய்விடுமாம். மூன்று நாளாகத் தட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். எல்லாம் மையத்துக்கு வருகிறவர்களுக்காக அவள் நிரப்பும் அந்த உடல்நலப் படிவத்தால்தான். நோயின் பெயர் என்ற கட்டத்தில் ‘கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்றும், கொடுத்த மருந்து என்ற கட்டத்தில் ‘தாழ்ப்பாள் ஒன்று, திருகாணி நான்கு’ என்றும் எழுதியிருக்கிறாள். கிண்டல் என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. மையத்துக்கு வரும் தையல்கூடத்துப் பெண்கள் ஆறு பேருக்கும் தலைவலி, நீர்க்கடுப்பு, ஒருத்தி மயங்கியே விழுந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்து நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார், அவர்களும் தலையாட்டினார்கள், மறுவாரமும் அதே தலை, அதே வலி. நீங்களும் தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் சுவரில் படம் ஒட்டினீர்கள், நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. பேத்திதான் மயங்கி விழுந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்காமல், விடிந்ததிலிருந்து அவள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டாள்.

“தண்ணி குடிச்சா போகணும்க்கா. போனா ஒருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். ரெண்டு பேர் மெஷினை விட்டு எழுந்தா சூப்பர்வைசர் கத்துவாரு. அதான் வாயையே நனைக்கிறதில்ல” என்றாளாம்.

இதற்கு எந்தக் கடையில் மாத்திரை விற்கிறது, நீங்களே சொல்லுங்கள் தம்பி. உடம்பு தோலோடு முடிந்துவிடுவதில்லை, கதவும் சூப்பர்வைசரும் சேர்ந்ததுதான் என்பாள் பேத்தி. அதனால் தையல்கூடத்துக்கே போய் முதலாளியிடம் பணிவாகப் பேசினாள். அவள் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டாள், என் வளர்ப்பு அப்படி. அரை மணி நேரத்தில் முதலாளி தாமாகவே மனம் மாறினார். தாழ்ப்பாள் ஏறியது. மூன்று வாரமாக ஒருத்திக்கும் தலைவலி இல்லை.

இப்படிப்பட்டவளை அனுப்பிவிடாதீர்கள். உங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி தெரியாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
பாட்டி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பேத்தி வந்து வாங்கிப் படித்துவிட்டாள். படிவத்தை நீங்கள் பாராட்டினீர்களாமே. விளக்கம் கேட்டது முதலாளியின் புகாருக்காம். தையல்கூடத்துக்கு அவளோடு வந்த வயதான அம்மாள் ஒருத்தி, முதலாளியைத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குள் அனுப்பிவிட்டு, வேலையாட்கள் அத்தனை பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தினாளாம். அரை மணி நேரம் என்று மேலே எழுதியது அவர் உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு இருந்த நேரம். அந்த அம்மாள் யார் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டும் பேத்தி வாய் திறக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். வெள்ளிக்கிழமை அவளை ஒன்றும் கேட்காதீர்கள். நான் வருகிறேன்.