மின்விசிறியில் சுற்றிய முளைப்பாரி

தைப்பிங்கில் இருக்கும் அன்பு மச்சான் கனகராஜ் அவர்களுக்கு, ஈப்போ அத்தான் சன்னாசி எழுதுவது. நீங்கள் போனை எடுப்பதில்லை என்பதால் எழுதி, படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புகிறேன். இங்கே எல்லாரும் நலம். உங்கள் அக்காவும் உங்கள் மகளும் மட்டும் பேசிக்கொள்வதில்லை.

பயப்படாதீர்கள், விஷயம் பெருமையானதுதான்! இங்கே தங்கிப் படிக்கிற ஷர்மினி, இருட்டான ஸ்டோர் அறையில் பழைய மின்விசிறியைப் படுக்கவைத்து, பச்சைப்பயறு போட்ட சட்டிகளை அதில் கட்டி இரவும் பகலும் சுற்றவிட்டாள்.

"பயறுக்கு ராட்டினமா?" என்றேன்.

"இல்ல மாமா, சுத்தினா பூமி இழுக்குறத விட பலமா இழுக்கும். செல் சுவர நெகிழ வைக்கிற நொதி கொறஞ்சிடும், சுவரு கெட்டியாயிடும். தண்டு நீளாம குட்டையா, தடியா நிக்கும்."

"உங்க அத்தை மாதிரியா?"

உங்கள் அக்கா பின்னால்தான் நின்றிருக்கிறார். அன்றைக்கு எனக்குக் காப்பி இல்லை.

அதே அறையில்தான் அக்கா திருவிழாவுக்கு முளைப்பாரி வளர்த்தார். முளைப்பாரி எடுக்கிற அன்று விளக்குப் போடக் கூடாது என்று இருட்டில் தடவி, ஷர்மினி கழற்றி வைத்திருந்த சட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அங்கே துணியை விலக்கினால், மற்றவர்களுடையது வெளுத்து நெடுநெடுவென்று வளர்ந்திருக்க, நம்முடையது மட்டும் குட்டையும் குண்டுமாக நிற்கிறது! பக்கத்து வீட்டுச் செல்லாயி சும்மா இருப்பாளா?

"என்னக்கா, அம்மனுக்கு ஈப்போ தவுகே முளையா? கூட வைக்கிற கோழிச் சோறு எங்க லா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஊர்வலம் ரோட்டுக்கு வந்ததும் அடித்தது பாருங்கள் ஒரு காற்றும் மழையும், மற்றவர்களின் முளைப்பாரி எல்லாம் படுத்துவிட்டது. நம்முடையது போலீஸ்காரன் போல விறைப்பாக நின்றது! பூசாரி மாலையே போட்டுவிட்டார். செல்லாயி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அப்போதுதான் ஷர்மினி ஓடி வந்தாள். "அத்தை, அது என் பயறு! காலேஜுல நொதி அளக்கணும், இல்லன்னா இத்தன நாள் செஞ்சதெல்லாம் போச்சு!"

"அம்மனுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறியா? ஞாயித்துக்கெழம ஆத்துல கரைக்கணும்!"

ஒருத்தி படிப்பு, ஒருத்தி சாமி. நடுவில் நான் தபால்காரன். அக்கா கேட்பது உங்கள் பேச்சு ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து பஞ்சாயத்துப் பண்ணுங்கள். எந்நேரமும் மழை கொட்டுகிற உங்கள் ஊருக்கு மாரியம்மன் கொஞ்சம் வெயிலும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான் சன்னாசி

பின்குறிப்பு: வர வேண்டாம். அக்கா அம்மனிடம் பூ கேட்டு, 'பாதி ஆத்துக்கு, பாதி காலேஜுக்கு' என்று உத்தரவு வாங்கிவிட்டார். ஒரே கண்டிஷன், அடுத்த வருஷம் முளைப்பாரி அத்தனையும் சுற்ற வேண்டுமாம். ஒரு மோட்டார் பத்தாது என்று இருவரும் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டு, என் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த விசிறியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள்.