மாமனாரின் பெஞ்சுக்கு நான் அடித்த தேக்கு நிறம்

ஒன்றுமே தெரியாமல் ஒரு வேலையில் கைவைப்பவரைக் கடவுள் மன்னித்துவிடுவார். அரைகுறையாகத் தெரிந்து கைவைப்பவரை என்ன செய்வார் என்பதை நான் நேரில் பார்த்தவன்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் கதவுகளின் நிறத்தைச் சோதிப்பது என் வேலை. செய்யூரில் என் மாமனார் வயிற்று ஆபரேஷன் முடிந்து நலமானதும், நன்றியாக ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு ஒரு பெஞ்சு செய்து கொடுத்தார். “கலர் என் பொறுப்பு மாமா” என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

சபையின் பழைய பெஞ்சுகள் தேக்கு. புதியது மாமரம். “இதே பலகைல ஓரமா அடிச்சுப் பாத்துக்க சார், மரத்துக்கு மரம் மாறும்” என்றார் தச்சர். நான் வீட்டில் கிடந்த தேக்குத் துண்டில் மரச்சாயத்தால் ஒரு கோடு இழுத்தேன். பழைய பெஞ்சுகளோடு அச்சு அசலாகப் பொருந்தியது. சனிக்கிழமை காலை பெஞ்சு முழுக்கப் பூசினேன். மாமரம் சாயத்தை மடமடவென்று குடித்தது.

மனைவி ஸ்டெல்லா வந்து பார்த்தாள். “இன்னா இது, பீட்ரூட் பொரியல் மாதிரி கீது?”

சிவப்பை மறைக்க அடர்பழுப்பு அடித்தேன். திட்டுத்திட்டாக வந்தது. அதன்மேல் இன்னொரு கை. (முதல் பூச்சு காயும்வரை பொறுக்கச் சொல்லி டப்பாவிலேயே போட்டிருந்தது.) சாயங்காலம் ஒருவழியாகத் தேக்கு மாதிரி தெரிந்தது. கடற்காற்றின் ஈரத்தில் காயுமா என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை மாமா புது வேட்டியில் வந்தார். “அப்டியே தேக்குதான் மாப்ள” என்று பூரிப்போடு உட்கார்ந்தார். முதல் பாட்டுக்குச் சபை எழுந்தது. மாமாவும் எழுந்தார்; வேட்டி எழவில்லை. மெதுவாக மறுபடி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்திலிருந்த நிறம் எந்த டப்பாவிலும் கிடைக்காது.

“நீங்க கம்முனு பாடுங்க மாப்ள. நான் இப்டியே குந்திக்கினு கீறேன்.”

கடைசிவரை அவர் எழவில்லை. ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறதோ என்று ஆளாளுக்கு வந்து விசாரித்தார்கள். “அதெல்லாம் இல்ல, பெஞ்சு சொகமா கீது” என்றார். போதகர் அவருக்காகத் தனி ஜெபமே செய்தார்.

கூட்டம் கலைந்ததும் நானும் ஸ்டெல்லாவும் ஆளுக்கொரு கை பிடித்து அவரைப் பெயர்த்தெடுத்தோம். வேட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்: “துணில நல்லாத்தான் புடிச்சுகீது மாப்ள.”

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் யாரும் விரலால் தொட்டுப் பார்க்காமல் எதிலும் உட்காருவதில்லை. பஸ், கல்யாண மண்டபம், பல் டாக்டர் நாற்காலி, எதுவானாலும் சரி. போன மாதம் மகளின் பள்ளியில் கூப்பிட்டனுப்பினார்கள். “தெனமும் பெஞ்சத் தொட்டுப் பாத்துட்டுதான் உக்கார்றா, ஏன் சார்?” என்றார் டீச்சர், எனக்கொரு நாற்காலியை நகர்த்திப் போட்டபடி.

நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.