குப்பை இல்லாத குற்றம்

பூமி காப்பாற்றப்பட்டுவிட்டது. செய்தி இன்னும் வெளியூர்களுக்கு எட்டவில்லை என்றால் அதற்கு எங்கள் அடக்கம்தான் காரணம். காப்பாற்றியவர்கள் ராஜபாளையம் ஆவாரம்பூ நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தார். அதன் செயலாளர் அடியேன். தலைவர், போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்ற திரு. பாண்டிதுரை. ஓய்வு அவருக்கு மட்டும்தான். அவருடைய குரல் இன்னும் பணியில் இருக்கிறது.

மார்கழி பிறந்ததும் அவசரப் பொதுக்குழு கூடியது. வருஷா வருஷம் போகிக்கு வீட்டை ஒழித்து, பழைய பாயையும் தலையணையையும் தெருமுனையில் கொளுத்துகிறோம். புகை ஊரையொட்டிய சஞ்சீவி மலையையே மறைக்கிறது. இனி ஒரு குச்சியும் எரியக் கூடாது, வீட்டை ஒழிப்பது முழுக்க முழுக்கச் 'சுற்றுச்சூழல் பொறுப்புணர்வுடன்' நடைபெறும் என்று தீர்மானம் போட்டோம். தலைவர் கும்பிட்டபடி சிரிக்கும் ஃபிளெக்ஸ் ஒன்று அன்றே தெருவாசலில் ஏறியது. கூட்டத்தில் சமோசா கொடுத்த தெர்மாகோல் தட்டுகளை வீணாக்காமல், முதல் வசூலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

ஞாயிறுதோறும் வந்து அள்ளிப் போகும் பொறுப்பை 'பூமித் தோழன் ஹோம் கிளியரன்ஸ்' என்ற நிறுவனம் ஏற்றது. அதன் உரிமையாளர் ஜோயல், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்த இளைஞர்.

"சார், நீங்க குடுக்கிற ஒரு துண்டுகூட மண்ணுக்குப் போகாது. அம்புட்டும் மறுசுழற்சிதான்."

"எங்க வச்சு தம்பி பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அது ஒரு பிராசஸ் சார்."

விளக்கம் இவ்வளவு தெளிவாக இருந்ததால் உடனே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம்.

மாவட்டப் பசுமைப் பேரவை என்ற அமைப்பு இதற்கொரு கேடயம் அறிவித்திருந்தது. எந்த நகர் அதிக எடைக்குக் குப்பை தருகிறதோ அதற்குப் பரிசு. ஆனால் எல்லா வீடுகளும் பங்கெடுக்க வேண்டும். ஒரு வீடு தராவிட்டாலும் நகர் முழுவதும் போட்டிக்கு வெளியே. பிள்ளையார் கோயில் பக்கத்தில் பலகை வைத்து, வீட்டு எண்ணையும் அது தந்த கிலோவையும் எழுதினோம்.

பொறுப்புணர்வு பொங்கியது. ஓடிக்கொண்டிருந்த மிக்ஸிகள் ஓட ஓடவே வண்டியில் ஏறின.

"ஏங்க, எதிர்வீட்டுக்காரவுக கிரைண்டரையே குடுத்துட்டாக. நாம மட்டும் எந்த மூஞ்சியோட தெருவுல நடக்க?" என்றாள் என் மனைவி சீனியம்மாள்.

எங்கள் இலவம்பஞ்சு மெத்தையைக் கொடுத்தோம். பூமிக்காகத் தரையில் படுத்தோம். முதுகு பிடித்துக்கொண்டதால் புது மெத்தை வாங்கினோம். அது வந்த பிளாஸ்டிக் உறையும் அட்டையும் அடுத்த ஞாயிறு எங்கள் கணக்கில் ஏறின. இதைப் பார்த்த பக்கத்துத் தெருவினர், கொடுக்கக் குப்பை இல்லாத குறையைப் போக்க, ஆன்லைனில் பொருள்களை வரவழைத்தார்கள். தெருவாசல் ஃபிளெக்ஸும் எடைக்குப் போய், அங்கே புதிய ஃபிளெக்ஸ் ஏறியது. குப்பைக்காக இவ்வளவு செலவு செய்யும் மனம் எல்லோருக்கும் வராது.

ஒரே ஒரு வீட்டுக்கு எதிரே மட்டும் பூஜ்யம் நின்றது. அது தையல் வேலை செய்யும் மாரீஸ்வரி வாடகைக்குக் குடியிருந்த வீடு. கணவன் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. ஒரே மகள் பத்தாவது படிக்கிறாள். பார்த்தால் சாதுவான குடும்பம். இப்படிப்பட்டவர்கள்தான் உலகை அழித்துவிடுகிறார்கள்.

தலைவர் தலைமையில் கள ஆய்வுக்குப் போனோம்.

"ஏம்மா, உன் வீட்டுக் குப்பை எங்க?"

"இல்லீங்கய்யா."

"இல்லைன்னா? எங்க பதுக்கி வச்சிருக்க?"

"காய்த்தோலு ஆட்டுக்குப் போயிருதுங்க. பால் கவரைக் கழுவிக் காயவச்சு பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுருவேன். வெட்டுத்துணி தலையணைக்குள்ள போயிருது."

"அப்ப போகிக்கு என்னத்த ஒழிப்ப?"

"ஒட்டடை அடிச்சு, வெள்ளையடிச்சு, நிலையில வேப்பிலைக் காப்புக் கட்டுவேன்."

"ஒட்டடை எத்தனை கிலோ வரும்?" என்று தலைவர் என்னைக் கேட்டார். தேறாது என்றேன்.

வீட்டின் உரிமையாளர் கண்ணுச்சாமியிடம் சங்கத்தின் கவலை தெரிவிக்கப்பட்டது. அவர் அன்றே போய், போகிக்குள் பலகையில் எடை ஏறாவிட்டால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். மாரீஸ்வரி என்னிடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு பங்குனியில பெரிய பரீட்சை. அது முடியிறவரைக்கும் மட்டும் இருக்க விடச் சொல்லுங்க. இப்பப் போயி வேற வீடு, வேற ஊருன்னு அலைஞ்சா அவ தடுமாறிப் போவா."

என் மனம் இளகியது. செயலாளர் பதவி இளகவில்லை.

"ஒரு பிளாஸ்டிக் பீரோ வாங்கும்மா."

"வாங்கி என்ன செய்ய அண்ணாச்சி?"

"குப்பையில போட்டுரு."

அவள் பீரோ வாங்கப் போகவில்லை. எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் குப்பையைக் கடன் கேட்டாள். யார் கொடுப்பார்கள்?

"ஏட்டி, எங்களுக்கே எடை பத்தலைங்கேன். நீ வேற வந்து கேக்க," என்று எதிர்வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

போகியன்று காலை, பேரவையின் நடுவர் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, லோடு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. சாக்குச் சாக்காக இறக்கினாள் மாரீஸ்வரி. தராசில் ஏற்றினால், நகரிலேயே அதிக எடை அவளுடையதுதான். கைதட்டினோம். நல்வழிப்பட்ட ஒரு குடும்பத்தைப் பார்ப்பது எவ்வளவு ஆனந்தம். நடுவர் பார்க்கட்டும் என்று தலைவரே தம் கையால் சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினார்.

முதலில் தெர்மாகோல் தட்டுகள் விழுந்தன. அடுத்துச் சேறு சொட்டச் சொட்ட என் இலவம்பஞ்சு மெத்தை. கடைசியாக ஒரு ஃபிளெக்ஸ் சுருள் விரிந்தது. அதில் திரு. பாண்டிதுரை கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது எங்கம்மா கெடைச்சது?" என்றார் நடுவர்.

"மம்சாபுரத்துல என் தம்பி வயக்காட்டு ஓடையிலங்கய்யா. ஒரு வண்டி வந்து கொட்டிட்டுப் போகுதாம். தண்ணி பாயாம பயிரு வாடிக்கிட்டுக் கெடந்துச்சு. நானும் அவனுமாச் சேந்து அள்ளிட்டோம். அவனுக்குத் தண்ணியும் ஆச்சு, எனக்கு எடையும் ஆச்சு."

ஜோயலுக்கு அப்போது பார்த்து முக்கியமான போன் ஒன்று வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. தீர்மானப் புத்தகத்தில் வெட்கத்துக்கென்று பத்தி ஏதும் இல்லாததால் அதைப் பதிவு செய்யவில்லை.

நிலைமையைத் தலைவர்தான் காப்பாற்றினார். இதே நகரின் குப்பை இதே நகருக்குப் பத்திரமாகத் திரும்பியிருக்கிறது, மறுசுழற்சிக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று நடுவரைக் கேட்டார். போலீஸ்காரர் கேட்கும் கேள்விக்கு நம் ஊரில் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. கேடயம் எங்களுக்கே வந்தது. போன் பேசி முடித்த ஜோயல் சாக்குகளை மறுபடியும் வண்டியில் ஏற்றத் தொடங்கினார்.

"தம்பி, இத இப்ப எங்க கொண்டு போறீக?" என்றாள் மாரீஸ்வரி.

"பிராசஸுக்கு அக்கா."

"அப்ப நாளைக்கு என் தம்பி மறுபடி மம்பட்டியத் தூக்கணுமா?"

அநாகரிகமான கேள்வி. பொங்கல் முடிந்ததும் கூடிய பொதுக்குழு இதையும் கவனத்தில் எடுத்துக்கொண்டது. வெளியூர்க் குப்பையை நகருக்குள் கொண்டுவந்து சுற்றுச்சூழலைக் கெடுத்தார் என்று அவள்மீது குற்றச்சாட்டு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அழகான தமிழில் எழுதியவன் நான். கண்ணுச்சாமி நகலை வாங்கிப் போய் அவளிடம் காட்டினார்.

தை முடிவதற்குள் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள். பரீட்சை நெருங்க நெருங்க, அந்தப் பிள்ளை இருட்டோடு எழுந்து ராஜபாளையத்துக்கு பஸ் பிடிக்கிறாள். படிப்பு கம்பியைப் பிடித்து நின்றபடி நடக்கிறது. கண்ணுச்சாமியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது மாரீஸ்வரி என்னிடம் "வாரேன் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குடிபோன வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்ய, சங்கத்தின் செலவில் ஜோயலின் வண்டியை வரவழைத்தோம். உள்ளே போன ஆட்கள் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள். பெருக்கித் துடைத்து, வெள்ளையடித்து, நிலைப்படியில் காப்புக் கட்டியபடி இருந்தது வீடு. அள்ள ஒரு துரும்பும் இல்லை. எங்கள் நகரிலேயே அப்புறப்படுத்த ஒன்றுமில்லாத ஒரே குடும்பம் அதுதான். அதைத்தான் அப்புறப்படுத்தியிருக்கிறோம்.