எங்கள் மாடியில் இருந்த நம்பாதே சார்

வருஷக்கணக்காக இதை எழுத உட்காருவதும், பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுவதுமாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு மளிகைக்கடையில் உட்கார்ந்தவன் என்ற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிது, ஒரு வரி தப்பாக எழுதினாலும் சரிபார்க்க அவர் நேரில் வந்து நிற்பாரே என்ற பயம்.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை சலித்தெடுத்தாலும் அப்படியொரு சந்தேகப்பிராணி கிடைக்காது. காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருந்தால், மொட்டைமாடிக்குப் போய் நிலாவைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார்.

தஞ்சாவூரில் என் கடையின் மேல்மாடியை ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு விட்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பறந்துகொண்டிருந்த காலம். வேலையே நம்மைத் தேடி வந்ததே என்று எனக்குப் பெருமை. கடல் கடந்த ஊரில் அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான சர்வர்களை இங்கிருந்தே மேய்ப்பதுதான் அவர்கள் தொழில். எல்லாவற்றின் நிலவரத்தையும் ஒரே வெப் பக்கம் காட்டும். பச்சை என்றால் சுகம். சிவப்பு என்றால் ஆபத்து.

அங்கே வேலை பார்த்தவர்களில் மூத்தவரான இவர் மட்டும் அந்தப் பக்கத்தை மதிக்கவே மாட்டார். "பக்கம் சொல்றத நம்பாதே. மெஷினையே போய்க் கேளு" என்று பிள்ளைகளை அதட்டுவார். அதனால் அவர் பெயரே நம்பாதே சார் ஆகிவிட்டது.

ஓட்டலில் "பொங்கல் தீந்துபோச்சு சார்" என்றால் நேரே சமையற்கட்டுக்குள் போய் அண்டாவைத் திறந்து பார்ப்பார். பஸ்ஸில் பூதலூர் என்று போர்டு இருந்தாலும் கண்டக்டரைக் கேட்பார், டிரைவரைக் கேட்பார், கடைசியில் கூடைக்கார அம்மாவிடம், "ஆத்தா, நீங்க எங்க போறீங்க?" என்பார்.

"நீ ஏறித் தொலைச்சாத்தாம்ப்பா எல்லாரும் பூதலூர் போவோம்!"

இப்படிப்பட்டவர் வெள்ளிக்கிழமை தவறாமல் என் பூஜையறைப் பிள்ளையார் முன்னால் வந்து நிற்பார். "இவரை மட்டும் நம்புறீங்களாக்கும்?" என்று சீண்டினேன்.

"அதான் நேர்லயே வந்து பாத்துட்டுப் போறேனே, முதலாளி!"

ஒருநாள் காலையில் நான் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறேன், மாடியில் ஒரே கூச்சல். தட்டோடு ஏறிப் போனேன். வலங்கைமானிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் நூர்ஜஹான் தேம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பெற்ற அத்தா வளைகுடாவில் பார்த்த வேலை பறிபோய் ஊர் திரும்பியிருந்தார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"எல்லா சர்வரும் படுத்துடுச்சு! தனியா உக்காந்து என்னத்தம்மா தட்டுன?" மேனேஜர் குதித்தார்.

"ஒண்ணுமே தட்டல சார். பக்கம் சுத்திக்கிட்டே இருந்துச்சு, எரர்னு வந்துச்சு, அப்புறம் எல்லாமே சிவப்பாயிடுச்சு."

"நாளையிலேருந்து நீ வரவேணாம்! டேய், எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கடா!"

அப்போதுதான், தான் தங்கியிருந்த பின்கட்டு அறையிலிருந்து நம்பாதே சார் வந்தார். பாதி முகம் மழித்தபடி, மீதி நுரையோடு. கற்பூரத்தைப் பார்த்ததும் பக்தியோடு ஒற்றிக்கொள்ளப் போக, நுரை கண்ணுக்குள் போய்விட்டது. ஒற்றைக்கண்ணால் திரையைப் பார்த்தார்.

"ஒருத்தனும் கைய வைக்காதீங்க! ஓடுற மெஷினை அணைச்சா அதுதான் சாவு."

கறுப்பாக ஒரு திரையைத் திறந்து, ஒரு சர்வரை நேராகவே கூப்பிட்டார். அது பதில் சொன்னது. இன்னொன்று. அதுவும். எல்லாம் குத்துக்கல்லாட்டம் இருந்தன. படுத்திருந்தது அவற்றைக் காட்டுகிற பக்கம்தான்!

காரணமும் அகப்பட்டது. சர்வர்கள் அவ்வப்போது 'நலம்' என்று பக்கத்துக்குச் சேதி சொல்லும். மேனேஜர் படபடப்பில், எல்லாமே ஒரே நேரத்தில், அதுவும் அடிக்கடி சொல்லவேண்டும் என்று முந்தின நாள் மாற்றிவைத்திருக்கிறார். நான் விழித்ததைப் பார்த்து நம்பாதே சார் கேட்டார்: "கோயில்ல உங்க உபயத்தன்னிக்கு சுண்டலுக்கு எல்லாரும் ஒரே சமயத்துல கைய நீட்டினா என்ன செய்வீங்க?"

"வரிசையில வாங்கய்யான்னு கத்துவேன்."

"அதத்தான் செய்யப்போறேன்."

சர்வர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து முறை வைத்தார். நட்ட வயல் பச்சை பிடிப்பதுபோல் திரையில் ஓரமாக ஆரம்பித்து, நடுவிலும் பச்சை பரவியது. பிள்ளையாரப்பா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

நூர்ஜஹான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இவர் சொல்றத நம்பலாமா சார்?"

"நம்பாதே. எழுதி வாங்கிக்க."

எழுதி வாங்கிக்கொண்டுதான் அன்று பஸ் ஏறினாள்.

அப்புறம் நம்பாதே சாரும் வெளிநாடு போய்விட்டார். எப்போதாவது போன் வரும். "சவுக்கியமா முதலாளி?" "சவுக்கியம்தான் சார்." "நம்பமாட்டேன். நேர்ல வந்து பாக்குறேன்." சொல்வாரே தவிர, இன்றுவரை வரவில்லை. வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்றும்போது என் கண் மாடிப்படிக்குப் போய்த் திரும்புகிறது.

அதனால், பிள்ளையார் பொறுக்கவேண்டும், மேலே ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு சின்னப் பொய் வைத்திருக்கிறேன். எதுவென்று அவருக்குத் தெரியும். நீங்கள் யாரிடம் சொன்னாலும் ஒரு சொல்லையும் திருத்தாமல், பொய்யோடு சேர்த்தே சொல்லுங்கள். எப்படியாவது அவர் காதில் விழட்டும். சரிபார்க்க வந்துதானே ஆகவேண்டும்?