தட்டோடு கேட்டில் நிற்கும் எல்போர்டு

மதிப்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நாய், தங்கள் மாமியார், நான் ஆகிய மூவரும் சௌக்கியம். வரிசை தப்பில்லை, இப்போது வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. அங்கு தாங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. நாயைக் காப்பகத்தில் திருப்பி விட்டால்தான் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்து வெகு அழகு. விஷயம்தான் சரியில்லை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாய் தன் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டு கேட்டைத் தாண்டாது. நான் இருக்கும்வரை நடக்காது.

போன முறை தாங்கள் வந்தபோது நடந்ததை நான் மறுக்கவில்லை. புது ஷூவைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். திரும்பி வந்தபோது ஒன்றுதான் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, ஆனால் அதை ஷூ என்று சொல்ல முடியாது. மாமியாரின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு ஷூவைத் தொடாமல் விட்டதே, அதைத் தாங்கள் ஏன் யோசிக்கவில்லை? வந்த புதிதில் என்றால் இரண்டையும் முடித்திருக்கும்.

நாய்க்குப் பயிற்சியே கொடுக்கவில்லை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். யாரைப் பார்த்து? ஆயுசு முழுக்க டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனைப் பார்த்து. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். நாய்க்கும் அதே முறைதான், முதல்ல நிறுத்தத் தெரியணும், அப்புறம்தான் ஓட்டம். 'பிரேக்'னா உட்காரணும், 'ஃபர்ஸ்ட் கியர்'னா நடக்கணும், 'ரிவர்ஸ்'னா பின்னாடி போகணும். கழுத்துல பழைய எல் போர்டு ஒண்ணை மாட்டிவிட்டேன், இப்ப தெருவே அதை எல்போர்டுன்னுதான் கூப்பிடுது. எல்லாத்தையும் கப்புனு பிடிச்சுக்கிச்சு. அதுதான் வினையாப் போச்சு. பாங்க் மேனேஜர் வீட்டுக்கு முன்னாடி நாங்க போயிட்டிருக்கும்போது ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்துக்கிட்டிருந்தது, கிளீனர் 'ரிவர்ஸ், ரிவர்ஸ், இன்னும் வா'ன்னு கத்திக்கிட்டிருந்தான், நம்ம நாய் சொன்ன பேச்சைக் கேக்கிற நாயாச்சே, அதுவும் பின்னாடியே போச்சு, கயிறு என் கையில சுத்தியிருந்ததால நானும் போனேன், மேனேஜர் வீட்டு கேட் திறந்திருந்தது, உள்ள பூந்தொட்டி வரிசையா இருந்தது, அதுக்கப்புறம் வரிசையா இல்ல, கொடியில காய்ஞ்சுக்கிட்டிருந்த போர்வை எங்க ரெண்டு பேர் மேலயும் விழுந்தது, லாரி மட்டும் பத்திரமா நின்னுடுச்சு. மேனேஜர் வீட்டம்மா இன்னும் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்ல. பேசாட்டிப் போகட்டும். சொன்னதும் ரிவர்ஸ் போச்சா இல்லையா? அதைச் சொல்லுங்க.

இப்ப தட்டு விஷயத்துக்கு வர்றேன். நாய் வந்த நாள்லேருந்தே உங்க மாமியார் 'ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்'னு சொல்லிக்கிட்டிருந்தா. ஒருநாள் அவ தலையணையைக் கிழிச்சு, கூடம் பூரா பஞ்சைப் பரப்பி, அதுக்கு நடுவுல படுத்திருந்தது எல்போர்டு. அவ துடைப்பத்தைக் கையில எடுத்தா, பெருக்கத்தான். இது எழுந்திருச்சு சமையல்கட்டுக்குப் போய், தன் அலுமினியத் தட்டை வாயில கவ்விக்கிட்டு, நேரா கேட்டுக்குப் போய் நின்னுச்சு. குரைக்கல, வாலாட்டல, தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. காப்பகத்து அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். எங்களுக்கு முன்னாடி மூணு வீட்டுல எடுத்துட்டுப் போய், மூணு வீட்டுலயும் ஏதோ தப்புப் பண்ணிச்சுன்னு தட்டும் கையுமாக் கொண்டுவந்து விட்டுட்டாங்களாம். யாரும் சொல்லிக்கொடுக்காம அது தானாக் கத்துக்கிட்ட பாடம் அது. நான் சொன்னதைக் கேட்டதும் உங்க மாமியார் துடைப்பத்தைப் போட்டுட்டுப் போய், வாயிலேருந்து தட்டைப் பிடுங்கி, "உள்ள வாடா, உன்னை யாரு போகச் சொன்னா?"ன்னா. எனக்கு அழுகை வந்துடுச்சு மாப்பிள்ளை, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அதுக்கப்புறமும் எது பண்ணினாலும் தட்டைத் தூக்கிக்கிட்டுப் போய் நிக்குது, நாங்க போய்க் கூட்டிட்டு வர்றோம். உங்க ஷூவைத் தின்ன அன்னைக்கும் நின்னுச்சு. ரப்பர் செருப்போட நீங்க அதைத் தாண்டித்தான் போனீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க.

அதைத்தான் நாலாவது தடவையாத் திருப்பி விடச் சொல்றீங்க. முடியாது. வண்டி ஓட்ட வராதுன்னு என் ஸ்கூல்லேருந்து நான் யாரையும் அனுப்பினதில்ல. உங்களுக்கே நான் ஞாபகப்படுத்தணுமா? சலூன் வாசல் பெஞ்சு மேல காரை ஏத்தினது யாரு? உள்ள ஷேவிங் பண்ணிக்கிட்டிருந்த மனுஷன் பாதி மீசையோட தெருவுக்கு ஓடிவந்தாரே, அந்தப் பாதி மீசைக்கு யாரு காரணம்? ஒவ்வொரு தடவை டெஸ்டுல ஃபெயிலானதும் கார் சாவியை என் மேஜை மேல வெச்சுட்டு, "சார், எனக்கு இது வராது, நான் கிளம்பறேன்"னு வாசல்ல போய் நிப்பீங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து மறுபடி சீட்டுல உட்கார வெச்சது யாரு? லைசென்ஸும் வாங்கிக் கொடுத்து, ஆபீஸ்ல உட்கார்ந்திருந்த என் பொண்ணையும் கட்டிக் கொடுத்தேன். உங்களையே வெச்சுக்கிட்டவன் ஒரு நாயை வெச்சுக்க மாட்டேனா?

பேத்தியைப் பார்க்காம இருக்கிறது எங்களுக்குக் கஷ்டம்தான். அவளுக்குத் தைச்ச கவுனைத் தினம் எடுத்து விரிச்சு, இந்நேரம் வளர்ந்திருப்பாளேன்னு உங்க மாமியார் புலம்பறா. இருந்தாலும் நான் கெஞ்சப்போறதில்ல. வர இஷ்டமில்லைன்னா நீங்க வர வேண்டாம்.

என் மகளுக்கு எங்கள் அன்பும், பேத்திக்கு எண்ணமுடியாத முத்தங்களும், தங்களுக்கு நீண்ட ஆயுளும் அதில் கொஞ்சம் இளகிய மனசும் கிடைக்க வாழ்த்தி முடிக்கும்,

தங்கள் மாமனார்
(தங்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை உங்கள் மாமியார் படித்துப் பார்த்துவிட்டு, "அவர் வரலைன்னா என்ன, நம்மகிட்ட வண்டி இல்லையா?" என்று கேட்டாள். அதனால் இதைத் தபாலில் போடவில்லை, தங்கள் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். நாங்கள் பெட்டி கட்டுவதைப் பார்த்ததுமே எல்போர்டு தட்டைக் கவ்விக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டது. இந்தத் தடவை நாங்கள் தட்டைப் பிடுங்கவில்லை. கார் கதவைத் திறந்துவிட்டோம், தட்டோடு ஏறிக்கொண்டது. பழைய டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் உண்டு என்பது தங்களுக்குத் தெரியும். அந்த சீட்டில்தான் எல்போர்டு உட்கார்ந்து வந்தது, அதனால்தான் வந்துசேர இவ்வளவு நேரம். விடுமுறை முடிந்ததும் அதே தட்டோடு எங்கள் கூடவே வீட்டுக்குத் திரும்பிவிடும். இப்போது மூவரும் வாசலில் நிற்கிறோம். ஷூக்களை எல்லாம் உயரத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கதவைத் திறக்கவும்.